அம்மாவின் செருப்பும் என் மொழிபெயர்ப்பும்

கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, பழைய மண்டபம் ஒன்றின் மாடியில் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம் இருந்தது. மொத்தம் இரண்டே அறைகள். சனிக்கிழமைகளில் மட்டும் திறப்பார்கள். இந்த ஊரில் யார் யார் எப்படி வந்து குடியேறினார்கள் என்று காட்டக் கண்காட்சி ஒன்று வைக்கப்போகிறார்கள், வீட்டில் பழைய பொருள் இருந்தால் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் கடிதம் தந்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான்.

அம்மா ஒரு தமிழ்க் கடையின் சமையலறையில் வேலை செய்தார். அங்கே எல்லோரும் எங்கள் ஆட்கள் என்பதால் அத்தனை வருடமும் இங்கிலிஷ் இல்லாமலே ஓடிவிட்டது. டொக்டரிடமும் கவுன்சிலிலும் அவருக்காகப் பேசுவது நான். அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாங்கள் போன சனிக்கிழமை, சங்கத்தைச் சேர்ந்த நரைத்த தலை அம்மையார் ஒருவர் எங்களுக்குப் பெட்டிகளைக் காட்டினார். இந்த இடம் ஒரு காலத்தில் காடாம். முதலில் வந்தவர்கள் கோடரியும் பானையும் மட்டும் கொண்டுவந்தார்களாம். நான் தமிழில் சொன்னேன். எங்களைப் போலத்தான் என்று அம்மா சிரித்துவிட்டு, பையிலிருந்ததை எடுத்து மேசையில் வைத்தார்.

வெள்ளிக் குங்குமச் சிமிழைத்தான் கொண்டுவந்திருப்பார் என்று நான் நம்பியிருந்தேன். வந்தது நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. குதிக்கால் தேய்ந்து, ஒரு பக்கம் ஓட்டை. எங்களுக்குப் பின்னால் என் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் தாத்தாவின் வெள்ளிக் கடிகாரத்தோடு முறைக்காக நின்றாள்.

"டிசம்பரில இதோடதான் வந்து இறங்கினனான்," என்றார் அம்மா. "பஸ்ஸுக்கு நிக்கேக்க ஒரு வெள்ளைக்கார மனுசி என்ர காலைப் பாத்திட்டு, தான் போட்டிருந்த சொக்ஸைக் கழட்டித் தந்தவ. பிறகு வெறுங்காலில சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போனவ. அதையும் எழுதச் சொல்லு."

அம்மையார் பேனையோடு என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். இது எங்கள் நாட்டில் கல்யாணத்துக்குப் போடும் செருப்பு, எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக வருவது என்று நான் இங்கிலிஷில் சொன்னேன். எப்படித்தான் நம்பினாரோ, அந்த நல்ல மனுசி ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

"சொக்ஸைப் பற்றியும் சொன்னனியோ?"

"ஓம்."

கண்காட்சி திறந்தபோது செருப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்து அட்டையில் என் பொய் அழகாக அச்சாகியிருந்தது, அடியில் அம்மாவின் பெயர். அதன் பிறகு வேலை முடிந்த சனிக்கிழமைகளில் அம்மா அங்கே போய் அரைமணி நேரம் இருந்துவிட்டு வருவார். கூட வரச் சொல்லிக் கேட்டால், வீட்டுப்பாடம் இருக்கிறது என்பேன். தன் பெயரைக் கண்ணாடிக்குள் பார்ப்பதில் அம்மாவுக்கு ஆசை என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்துக் கண்காட்சியை மாற்றினார்கள். செருப்பும் அட்டையும் ஒரு காகிதப் பையில் வீட்டுக்குத் திரும்பி வந்தன. தேவாலய மண்டபத்தில் நடந்த இங்கிலிஷ் வகுப்புக்கு அம்மா போகத் தொடங்கியிருந்த சமயம் அது. குசினி மேசையில் அட்டையை வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கல்யாணம் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. முகத்தைப் பார்க்க முடியாமல் மேசைவிரிப்பையே பார்த்துக்கொண்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன்.

"அப்ப அந்த சொக்ஸ் தந்த மனுசி வந்து வாசிச்சிருந்தாலும் தன்ர கதையெண்டு தெரிஞ்சிருக்காது, என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைக்க எழுந்தார். ஏச்சு விழாத நிம்மதியில் நான் படியேறி என் அறைக்கு ஓடினேன். அத்தனை சனிக்கிழமைகளும் அம்மா அங்கே யாருக்காகக் காத்திருந்தார் என்று யோசிக்கக்கூட அன்று எனக்குத் தெரியவில்லை.