அஸீலாவின் நீலச் செல்கள்

மேலப்பாளையத்து அஸீலாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் இருவரும் ஒரே ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்தோம். நான் ஆற்று மீனோடு நிம்மதியாக இருந்தேன். அவள் மரபணுவைச் செல்லுக்குள் அனுப்புவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"செல்லு கண்டவனையும் உள்ள விடாதுட்டி. அதோட மேல்தோலே கொழுப்புதான். அதே கொழுப்புல துளியூண்டு உருண்டை செஞ்சு, மரபணுவை ஏத்தி அனுப்புனா, சொந்தக்காரன்னு சேத்துக்கிடும்" என்பாள். மரபணு உள்ளே போய் வேலை செய்தால், சாயம் ஊற்றியதும் செல் நீலமாகும்.

நீலம் வந்தால்தானே? உருண்டையைப் போடுமுன்பே செல்கள் நோஞ்சானாகிச் செத்தன. எங்கள் பேராசிரியர் சிவசண்முகம் பொறுமை இழந்தார். "ரம்ஜான் வரைக்கும் பாரு. வரலேன்னா வேற தலைப்பு எடுத்துக்கோம்மா" என்றார். அன்று அவள் அழுது தீர்த்தாள்.

தொண்ணூற்றேழு தை மாதம். வேலை தொடங்கியபின் அவளுக்கு வந்த முதல் நோன்பு. அப்போதெல்லாம் பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் திரவம் எடுப்போம். நோன்பாளி எப்படி உறிஞ்சுவாள்? அலமாரியில் தூசியடைந்து கிடந்த ரப்பர் குமிழைத் தேடியெடுத்து, வாய்க்குப் பதிலாகக் குழாயில் மாட்டிக்கொண்டாள். வேலை ஆமையாக நகர்ந்தது.

"ஏட்டி, இந்த வேகத்துல போனா நீ பேத்தி எடுத்த பொறவுதான் டாக்டர் ஆவ" என்று கிண்டலடித்தேன்.

ஆனால் செல்கள் சாகவில்லை. பெருநாளுக்குச் சில நாள் முன்பு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் பாருட்டி. எங் கண்ணு பொய் சொல்லுதா?"

அங்கங்கே நீலம். நான் பேராசிரியரைக் கூப்பிட ஓடினேன்.

பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார். "என்னத்த மாத்துன?"

"ஒண்ணும் மாத்தல சார். நோன்புன்னு பிப்பெட்ல வாய் வைக்கல. அவ்வளவுதான்."

அவர் சும்மா விடவில்லை. செல் வளர்க்கும் ஒரு தட்டுக்கு என்னை வாயால் உறிஞ்சச் சொன்னார், இன்னொன்றுக்குக் குமிழ். குமிழ்த் தட்டு தழைத்தது. என் தட்டு செத்தது. வாய்க் கிருமிதான் இத்தனை நாளும் கொன்றிருக்கிறது. என் வாயைப் பற்றி என் அம்மா சொன்னதெல்லாம் விஞ்ஞானப்படி உறுதியானது.

"இன்னைலேர்ந்து இந்த லேப்ல எல்லாருக்கும் நோன்புதான்" என்றார் பேராசிரியர்.

அஸீலா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், அந்த வேற தலைப்பு..."

"வேற தலைப்பா? எவன் சொன்னான்?" என்றார்.