ரீல் இறக்கும்போது தவறி விழுந்தவர்

14 நவம்பர் 2024, வியாழன். இரவு 9.05.

முதலில் ஒரு திருத்தம். நேற்று மாலை ஷிப்ட் லாக் புத்தகத்தில், மெஷின் ஹாலில் ஏழு பேர் இருந்ததாக எழுதிவிட்டேன். தவறு. ஆறு பேர்தான். வருகைப் பதிவைப் பார்த்தேன். வாசல் காவலரிடமும் கேட்டேன். ஆறு.

நான் அடிக்கடி தப்பாக எண்ணுகிறவன். கதவைப் பூட்டினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன். அதனால் என்னை நம்புங்கள் என்று யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் இது நடந்தது. கீழே உள்ள நேரங்கள் எல்லாம் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தவை.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் உள்ள ஒரு நாளிதழ் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். மெஷின் எப்போது ஓடியது, எப்போது நின்றது, எத்தனை ஆள், எத்தனை ரீல் காகிதம் என்று லாக் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. மற்றவர்கள் என்னை ‘ஏட்டய்யா’ என்று கூப்பிடுவார்கள். மேனேஜரைத் தவிர இங்கே நிரந்தர ஊழியர் என்று யாரும் கிடையாது. எல்லோரும் காண்டிராக்ட். பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புது ஆள் என்று எழுதி மறுபடி எடுப்பார்கள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நடந்த ஸ்டிரைக்குக்குப் பிறகு இப்படித்தானாம். அந்த ஸ்டிரைக் எதற்காக நடந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவ்வளவு நாள் இங்கே யாரும் தங்கியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு இரவு 8.20-க்குத் தாள் அறுந்தது. அறுந்த தாளைக் கோர்க்க வேண்டுமென்றால் மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இருபது நிமிடம் போகும். மெதுவாக ஓடவிட்டே கோர்க்கச் சொன்னார்கள். சங்கிலிமுத்து கோர்த்தான். தாளை மடித்து வெட்டும் இடத்தில் அவன் வலது கை சிக்கியது. மூன்று விரல்கள் போய்விட்டன.

நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். சங்கிலிமுத்து மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கூட நின்ற ஐந்து பேரும் ‘நாங்கள் பார்க்கவில்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவன் இந்த மெஷினில்தான் அடிபட்டான் என்பதற்கு மிச்சம் இருந்தது என்னுடைய அந்த ஒரு பக்கம்தான்.

நேற்று மாலை 5.50. மேனேஜர் புகழேந்தி சார் கூப்பிட்டார். மேஜையில் எங்கள் பத்திரிகையை விரித்து, அதன்மேல் வாழைக்காய் பஜ்ஜி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க ஜாபஸ். பஜ்ஜி எடுத்துக்கோங்க.”

“வேண்டாம் சார்.”

“ஞாயித்துக்கெழம பக்கத்தைக் கிழிச்சிட்டு வேற எழுதணும். சொல்றதை அப்படியே எழுதுங்க. ‘வாசலுக்கு வெளியே லாரியிலிருந்து ரீல் இறக்கும்போது, காண்டிராக்டரின் ஆள் தவறி விழுந்து காயமடைந்தார்.’ ஆள் பேரைச் சேத்துக்கோங்க. அம்புட்டுத்தான்.”

“சார், மெஷின்லதான...”

“நான் கேட்டனா?” அவர் சிரித்தார். “உங்களுக்கு வெள்ளிக்கெழமையோட பதினோரு மாசம் முடியுதுல்ல? ஒரு மாசம் வீட்டுல இருக்க வேண்டாம். அப்படியே புதுப்பிச்சுத் தாரேன். கிழிச்ச தாளை எங்கிட்ட கொண்டாங்க.”

பேசிக்கொண்டே விரல்களைப் பத்திரிகையில் துடைத்தார். பட்டாசு ஆலை விபத்தைப் பற்றிய தலையங்கம் அது. ‘தொழிலாளர் உயிருக்கு யார் பொறுப்பு?’ என்ற தலைப்பில் எண்ணெய் ஊறி, பின்பக்க எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன.

அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நான் “சரி சார்” என்று சொல்லியிருந்தேன்.

6.12. மெஷின் ஹாலின் மூலையில் என் கண்ணாடி அறை. புதன்கிழமை மாலையில் ஞாயிறு இணைப்பிதழ் ஓடும். வெளியே மழை. ஃபோர்மேன் அழகுராஜா கண்ணாடியைத் தட்டினார்.

“என்ன ஏட்டய்யா, இன்னைக்குக் கிளாசுக்குப் போகலியா? கலெக்டர் ஆயிட்டா எங்களை மறந்துராதீக.”

“குரூப் ஃபோர்ண்ணே. கலெக்டர் இல்ல.”

“எதுவோ ஒண்ணு. பேனா பிடிக்கிற வேலை. மெஷின் கடிக்காது.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பின்னால் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

6.20. மெஷின் நின்றது. தலைகளை எண்ணினேன். ஏழு. எழுதினேன்.

6.24. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை. தாள் மடியும் இடத்துக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டி நின்றார். வேஸ்ட் துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டை. புது ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன். காண்டிராக்ட் ஆட்களுக்குச் சீருடையே கிடையாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

6.31. கரண்ட் போனது. ஜெனரேட்டர் வரவில்லை. எமர்ஜென்சி விளக்கைப் போட்டுக்கொண்டு, புதுப் பக்கம் எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

‘வாசலுக்கு வெளியே லாரியிலிருந்து ரீல் இறக்கும்போது, காண்டிராக்டரின் ஆள் தேவமணி...’

நிறுத்தினேன். தேவமணி யார்? அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. உறவில் இல்லை. எங்கள் சர்ச்சிலும் இல்லை. கவனம் சிதறிவிட்டது என்று அடித்துவிட்டு, அடுத்த வரியில் திருப்பி எழுதினேன். சங்கிலிமுத்து என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் எழுதினேன்.

எழுதி முடித்துப் படித்தேன்.

தேவமணி.

மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாக, பேனா முனையைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். ‘ச’ போட்டேன். எனக்குத் தெரியும், ‘ச’ தான் போட்டேன். தாளில் ‘தே’ இருந்தது. என் கையெழுத்து.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. மையும் மண்ணெண்ணெயும் எனக்குப் பழகிய வாசனைகள். இது வேறு. மழையில் ஊறிய பேப்பர் கட்டுக்குள் கறிக்கடைத் துணியைச் சுருட்டி வைத்து, பல நாள் கழித்துப் பிரித்தது போல. தொண்டையில் ஒட்டியது.

6.40. மணிச் சத்தம்.

டிங்... டிங்... டிங்...

மெஷின் அசைவதற்கு முன்னால் எச்சரிக்கை கொடுப்பார்கள். ஆனால் எங்களிடம் இருப்பது சைரன். மணி கிடையாது.

பிறகு உருளைகள். க்ர்ர்க்... க்ர்ர்க்...

கரண்ட் இல்லை. ஆனாலும் சுற்றின.

விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். நீலச் சட்டை அங்கேயே நின்றது. முழங்கை ஆடியது. ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

“அண்ணே... மெஷின் சுத்துதுண்ணே. கையை எடுங்க.”

முழங்கை ஆடுவது நிற்கவில்லை.

“அண்ணே?”

“வேன் வந்துருச்சா?”

அவர் திரும்பவில்லை. குரல் அங்கிருந்து வரவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

“எந்த... வேன்?”

“வேன் வந்துருச்சா?”

உருளைச் சத்தம் நின்றது.

விளக்கைத் திருப்பினேன். மெஷினருகே யாரும் இல்லை.

கண்ணாடி அறையில் ரீல் கணக்குச் சீட்டு வாங்க ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதன் வழியாக ஒரு கை உள்ளே வந்தது.

நீலச் சட்டைக் கை.

லாக் புத்தகத்தின் மேல் படிந்தது.

மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. ஈரத்துணி. அது என் விரலில் பட்டது.

வெதுவெதுப்பாக இருந்தது.

துணிக்குள் எதுவும் இல்லை... அந்தக் கை துணியோடு முடிந்தது.

6.47. கரண்ட் வந்தது.

யாரும் இல்லை. புத்தகம் காய்ந்திருந்தது. துணி இல்லை. மூன்று தேவமணியும் அப்படியே இருந்தன.

குழாயடியில் அந்த விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பிறகு அந்தப் பக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தையும் கிழித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

இன்று காலை 10.15. கருப்பணன் அண்ணன் ரீல் கிடங்கில் தனியாக இருந்தார். ரீல் உருட்டுகிறவர். வயது ஐம்பதுக்கு மேல். இங்கே நரைத்த தலை அவர் ஒருவருக்குத்தான்.

“அண்ணே, தேவமணின்னு இங்கன யாராவது வேலை பாத்தாகளா?”

கடப்பாறையைக் கீழே போட்டார்.

“யாருலே சொன்னது ஒனக்கு?”

“யாரும் சொல்லல. நீலச் சட்டை போட்ட ஒருத்தரு...”

அவர் முகம் சுருங்கிவிட்டது. கிடங்கு வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, யாரோ விரட்டுவது போல மளமளவென்று சொன்னார்.

“ஸ்டிரைக்குல நானும் இருந்தேம்லே. நாப்பத்தேழு நாள். அப்படி என்னலே கேட்டோம்? மெஷினை நிறுத்திட்டுத்தான் தாள் கோக்கணும், அதை எழுத்துல தாங்கன்னு கேட்டோம். அதுக்குத்தான் வெளியே ஒக்காந்தோம். கம்பெனிக்காரன் சிவகாசியில காலண்டர் சீசன் முடிஞ்சு சும்மா கெடந்த பயலுகளைக் கூட்டியாந்தான். எங்க அலமாரிப் பூட்டை ஒடச்சு, எங்க நீலச் சட்டையை அவனுகளுக்கு மாட்டி, போட்டோ புடிச்சு, ‘ஊழியர்கள் பணிக்குத் திரும்பினர்’னு மொதப் பக்கத்துல போட்டாக. தேவமணி போட்டுருந்தது எஞ்சட்டை.”

“அவருக்கு என்னாச்சு?”

“தாள் கோக்கயில கை போயிருச்சு. முழுசா. விசயம் வெளிய தெரியக் கூடாதுன்னு ஆசுபத்திரி வண்டியைக் கூப்பிடல. பேப்பர் வேன் வார வரைக்கும் போட்டு வச்சிருந்து, வேனுக்குள்ள படுக்கப் போட்டு, சுத்திலும் மேலயும் பேப்பர் கட்டுகளை அடுக்கி அனுப்புனாக. நாங்க வாசல்ல மறிச்சு ஒக்காந்துட்டோம். கட்டு வெளிய போகக் கூடாதுல்ல. முக்கா மணி நேரம். உள்ள இருந்து சத்தம் கேட்டுச்சு. கருங்காலிப் பய ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான், கெடக்கட்டும்னு சிரிச்சோம். நானுந்தாம்லே சிரிச்சேன்.”

அவர் காறித் துப்பினார். எச்சில் அவர் செருப்பிலேயே விழுந்தது.

“போலீஸ் வந்து வேனைத் தொறக்கயில ஆளுக்கு உசிரு இல்ல. அப்புறம் ஸ்டிரைக் எங்கன நிக்கும்? அவனவன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிட்டான். வேலை போச்சு, சங்கம் போச்சு. நான் மூணு வருசம் கழிச்சு காண்டிராக்ட்ல வந்து ஒட்டிக்கிட்டேன். அந்தக் கட்டுகளைக்கூட விடல தெரியுமா? ரத்தம் ஊறுன பேப்பரை எடைக்குப் போட்டாக. வெடிக்குழாய் சுத்துற பட்டறைக்கு. அந்த வருசத் தீவாளிக்கு யார் யார் வாசல்ல சிதறுச்சோ.”

“பேப்பர்ல இதைப் பத்தி ஒண்ணும் வரலியா?”

“எந்தப் பேப்பர்ல? எல்லாப் பேப்பர் மொதலாளியும் சேந்துதான எங்களுக்குக் கதவடைச்சாக. ஒரு வரி வரல.”

கிடங்கில் ரீல்கள் உருளாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருப்பார்கள். மரக்கட்டை இல்லாத இடத்தில் பழைய லாக் புத்தகங்கள். கருப்பணன் அண்ணன் கடப்பாறையால் நெம்பி, கடைசி வரிசையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். அட்டை முழுக்கக் கரப்பான் முட்டை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூத்திர நாற்றம் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

18 பிப்ரவரி 2010.

‘வாசலுக்கு வெளியே லாரியிலிருந்து ரீல் இறக்கும்போது, காண்டிராக்டரின் ஆள் தேவமணி தவறி விழுந்து காயமடைந்தார்.’

புகழேந்தி சார் எனக்குச் சொன்ன அதே வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அப்போது அவர்தான் இங்கே டைம் கீப்பர், லாக் புத்தகம் எழுதியவர் என்று அண்ணன் சொன்னார். ஒரே பொய்யை இரண்டு தடவை பயன்படுத்தியிருக்கிறார். அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வாக்கியத்துக்கு மேலே இரண்டு வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. அவர் அடிபட்டவரின் பெயரைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி தப்பாக எழுதி, மறுபடி அடித்திருக்கிறார். தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். கோடுகளுக்கு அடியில் எழுத்து தெரிந்தது.

சங்கிலிமுத்து.

இரண்டு இடத்திலும்.

அந்தப் பெயரில் அப்போது இங்கே வேறு யாரும் இல்லை என்று அண்ணன் சத்தியம் செய்தார். மதியம் 1.30-க்குச் சங்கிலிமுத்துவின் மனைவி பாண்டிமீனாவுக்குப் போன் போட்டேன். 2010-இல் அவன் எங்கே இருந்தான் என்று கேட்டேன்.

“அப்ப அவருக்குப் பதிமூணு வயசுண்ணே. ஆனைக்குட்டத்துல எட்டாப்பு படிச்சாரு. ஏண்ணே கேக்கீக?”

நாளை காலை விருதுநகருக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

நாளை வெள்ளி. காலை 9 மணிக்கு, கிழித்த பக்கங்களையும் பழைய புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் மூன்று ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். 10 மணிக்குப் பாண்டிமீனாவோடு விருதுநகரில் தொழிலாளர் துறை அலுவலகம். நான் நேரில் பார்த்த சாட்சி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாளையோடு என் பதினோரு மாதம் முடிகிறது, மேனேஜருக்கு லீவ் சொல்லத் தேவையில்லை. மனுவில் அடிபட்டவர் பெயரை எழுதியதும், கையெழுத்துப் போடும் முன், பாண்டிமீனாவை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும்.