பெனால்டி கட்டத்தில் முளைத்த மல்லாட்டை

உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்க முடியாத ஓர் ஆட்டத்தில் நான் கோல் கீப்பராக நின்றிருக்கிறேன். இரண்டு அணிகள், ஆனால் கோல் கம்பம் ஒரு பக்கம் மட்டும்தான். நீலச் சட்டை போட்டவர்களும் என்னை நோக்கித்தான் பந்தை அடித்தார்கள், வெள்ளைச் சட்டை போட்டவர்களும் என்னை நோக்கித்தான் அடித்தார்கள். யார் அடித்து உள்ளே போனாலும் திட்டு எனக்கு. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்ற அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க எந்த டீம் தம்பி?" என்று கேட்டார். "ரெண்டுக்கும்தான் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பி மைதானத்தின் மறுபாதியைப் பார்த்தார். அங்கே பச்சைப் பசேலென்று மல்லாட்டைச் செடி நின்றது. வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், எங்கள் செஞ்சிப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்றுதான் பெயர். இந்தக் கூத்து அத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு மனிதர். எங்கள் கால்பந்துக் கழகத்தின் செயலாளர். ஊரே அவரை செக்ரட்ரி என்றுதான் கூப்பிடும்.

செக்ரட்ரி பந்தைக் காலால் தொட்டு நான் பார்த்ததே இல்லை. ஆஃப்சைடு என்றால் என்ன என்று பல வருஷம் விளக்கியும் அவருக்கு ஏறவில்லை. பின்னே எப்படிச் செயலாளர் ஆனார் என்று கேட்டால், அவரிடம் ஒரு சவுண்டு சர்வீஸ் இருந்தது, அதற்கு ஒரு நீளமான அறை இருந்தது. கோல் கம்பங்களை மைதானத்திலேயே விட்டுவைத்தால் மறுநாள் யார் வீட்டுக் கொட்டகையிலாவது தூணாக நிற்கும். அதனால் ஆட்டம் முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போய் அவருடைய அறையில் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே சாத்தி வைப்போம். கம்பம் எங்கே இருக்கிறதோ அங்கே கழகம் இருக்கிறது என்று எங்கள் அப்பா காலத்து ஆட்டக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அப்படி வந்த பதவிதான். வந்தவர் ஒழுங்காகச் செய்தாரா என்றால், ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள். ஆட்டம் நடக்கும்போது மைக்கைப் பிடித்துக்கொள்வார். பந்து கோல் வாசலில் இருக்கும், எல்லோருக்கும் மூச்சு முட்டும், அப்போது பார்த்து, "மேல்மலையனூர் அமாவாசை பஸ்ஸு கெளம்பப் போவுது, போறவங்க போயி ஏறிக்குங்க" என்பார். கூட்டத்தில் பாதி எழுந்து போய்விடும்.

மைதானம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறேன். மலைக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே கிடந்த பொறம்போக்குதான். எங்கள் அப்பாக்கள் வேலிகாத்தான் முள்ளை வெட்டி, வேரைத் தோண்டி, ஏரி வண்டலை அடித்து நிரவி மட்டமாக்கினார்கள். வண்டல் போட்ட இடத்தில் எதைப் போட்டாலும் முளைக்கும் என்று அந்தப் புண்ணியவான்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் செம்மண்ணாவது போட்டிருப்பார்கள். என்ன இருந்தாலும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் போய் ஆடி ஜெயித்துவிட்டு வந்த கழகம் அது. கோட்டை பார்க்க வருகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த மண்ணில் கேப்டனாக நிற்கிறோம் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஆனால் அந்த மண் எங்களுக்குக் கிடைத்தால்தானே! செக்ரட்ரிக்கு 'இல்லை' என்ற வார்த்தையே வாயில் வராது. அமாவாசை வந்தால் ஸ்பெஷல் பஸ் நிறுத்த இடம் கேட்பார்கள், கொடுப்பார். கல்யாணப் பந்தல் என்பார்கள், கொடுப்பார், சவுண்டு செட்டும் அவரே கட்டுவார். பங்குனியில் மல்லாட்டை பிடுங்கி முடிந்ததும் சுற்றியிருக்கிற அத்தனை விவசாயிகளும் காய் காயப்போட எங்கள் மைதானத்துக்குத்தான் வருவார்கள். நாங்கள் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்போம். கத்தினால், "காயறதுக்கு நாலு வெயிலு வாணாமா கேப்டன்? காய்ஞ்சா தன்னால எடுத்துக்குனு போயிடப் போறாங்க" என்பார். அந்த நாலு வெயில் எப்போதும் நாலு வெயிலோடு முடிந்ததில்லை.

அந்த வருஷம்தான் எங்கள் கழகத்தை மாவட்ட லீக்கில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எங்கள் அப்பாக்கள் ஆசைப்பட்டுக் கிடைக்காத இடம் அது. ஒரே ஒரு நிபந்தனை, சொந்த ஊரில் முழு அளவு மைதானம் இருக்க வேண்டும். அதே நேரம் பார்த்து, விவசாயிகளுக்குக் காய் உலர்த்த சிமெண்டுக் களம் கட்ட அரசாங்கத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மைதானத்தில் பாதியை எடுத்துக்கொள்ளலாமா என்று பேச்சு வந்தது. இடம் முழுதும் விளையாட்டுக்குத்தான் பயன்படுகிறது என்றால் தொடமாட்டோம், வந்து நேரில் பார்க்கிறோம் என்றார் அதிகாரி. நியாயமான மனிதர். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவானது. பார்க்க வரும் அன்று முழு மைதானத்தில் ஓர் ஆட்டம் ஆடிக் காட்டிவிட்டால் போதும். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

சித்திரையில் கோடை மழை பிடித்துக்கொண்டு அடித்தது. காயப்போட்டவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள், ஆனால் சிந்தியதை யார் பொறுக்குவது? அதெல்லாம் வண்டலில் அழுந்தி, ஈரம் குடித்து, வடக்குப் பாதி முழுவதும் முளைத்துவிட்டது. நானும் தொடக்கத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு நாள் ஓடினால் மிதிபட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் ஒருத்தனும் ஓடவில்லை! பந்து அங்கே போனால் எங்கள் சென்டர் ஃபார்வர்டு கோட்டோரமாகச் சுற்றிக்கொண்டு போய், எட்டி எடுத்து, திரும்பச் சுற்றிக்கொண்டு வந்தான். எதிராளி வந்து பறித்துவிடுவானே என்ற பயம்கூட இல்லை, ஏனென்றால் எதிராளியும் உள்ளே போகவில்லை. எல்லோரும் பயிர் வைக்கிற வீட்டுப் பிள்ளைகள். வளர்ந்து நிற்கிற பயிரை மிதித்தால் வீட்டில் தோலை உரித்துவிடுவார்கள் என்று சின்ன வயசிலிருந்து காலில் ஏறிப்போன பழக்கம். தெற்கிலிருந்து மூளை என்ன உத்தரவு போட்டாலும் வடக்கே கால் போகமாட்டேன் என்றது. போதாக்குறைக்கு யாரோ இரண்டு பெண்கள் வந்து களை வேறு எடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் பெனால்டி கட்டத்தில் களை எடுத்தார்கள் என்று நான் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதே இல்லை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலையில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு பிடுங்கப் போனேன். குனிந்தார்கள். கையை வைத்தார்கள். அப்படியே நிமிர்ந்துவிட்டார்கள். "பூ வுட்டுடுச்சிடா" என்றான் சென்டர் ஃபார்வர்டு, ஏதோ கர்ப்பிணியைப் பார்த்துச் சொல்வது போல. எனக்கு வந்த கோபத்தில் நானே நாலைந்து செடியைப் பிடுங்கி எறிந்தேன். அந்நேரம் பார்த்து வந்தார் செக்ரட்ரி. ஒரு வார்த்தை திட்டவில்லை. எறிந்த செடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, குழி தோண்டி நட்டு, கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றினார். "செக்ரட்ரி, லீக்கு போயிடும்ங்க" என்று கத்தினேன். "ஒரு பாதியில ஆடிக் காட்டலாம்பா. பாக்கறவருக்குப் புரியாதா?" என்றார். அவர் நட்ட செடி பிழைத்துக்கொண்டது வேறு விஷயம்.

அப்படித்தான் அந்த ஒற்றைக் கோல் ஆட்டம் நடந்தது. எங்கள் ஆட்களையே இரண்டாகப் பிரித்து ஆடினோம். அதிகாரி மறுபாதியைப் பார்த்து, "அது என்ன பச்சையா இருக்கு?" என்று கேட்டதும், நல்லவேளையாக சென்டர் ஃபார்வர்டு ஓடிவந்து, "புல்லு சார். மழைக்கு வளந்துடுச்சி, நாளைக்கு வெட்டிடுவோம்" என்றான். தங்கமான பிள்ளை. அதிகாரி தலையை ஆட்டினார், எனக்கு உயிர் வந்தது. இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டடி வைத்தார். அவ்வளவுதான், நாலு திசையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து செக்ரட்ரியின் குரல் மலையில் மோதி எதிரொலித்தது: "ஐயா, பாத்து வாங்க! அங்க மல்லாட்டை இருக்குது, மிதிச்சிடாதீங்க!"

அதிகாரி தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார். "யார் பயிர் அது?" என்று கேட்டார். செக்ரட்ரி மைக்கை அணைக்கக்கூட இல்லை. "யாருதும் இல்லீங்க. எல்லாருதும் சிந்துனது" என்றார். ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள்வரை எல்லோருக்கும் கேட்டது. அதற்கு மேல் அதிகாரி என்னதான் செய்வார்? பாதியில் ஆடுகிறார்கள், பாதியில் பயிர் நிற்கிறது, பயிர் வைத்திருக்கிற பாதி விளையாட்டுக்குத் தேவைப்படவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் அவர் மேலே சொன்னார். அறுப்பு முடிந்த கையோடு வடக்குப் பாதியைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது, ஜல்லி வந்தது, சிமெண்டுக் களம் எழும்பியது. லீக்கில் எங்கள் இடத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வேலிக்குக் குழி தோண்டிய அன்று சவுண்டு சர்வீஸ் அறைக்குள் போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "ஒரு வார்த்த, புல்லுன்னு சொல்லியிருந்தா இன்னா கெட்டுடப் போவுது?" அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "மைக்குல எப்டிப்பா பொய் சொல்றது? ஊரே கேக்குது" என்றார். மைக் இல்லாமல் பொய் சொல்லலாமா என்று நான் கேட்டிருக்க வேண்டும், தோன்றவில்லை. அதற்கு முன்பே அந்த மல்லாட்டையை ஊர் கூடிப் பிடுங்கி, மைதானத்திலேயே அண்டா வைத்து அவித்திருந்தார்கள். எனக்கும் ஒரு முறம் வந்தது. எங்கள் லீக்கைத் தின்கிறோம் என்று நினைத்துக்கொண்டே தின்றேன். நல்ல திரட்சியான காய், உப்பும் சரியாக இருந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு கழகம் பாதி மைதானத்துக்கு ஏற்ற மாதிரி சுருங்கிவிட்டது. ஏழு பேர் ஆட்டம், ஐந்து பேர் ஆட்டம் என்று ஏதோ நடக்கும். நான் செல்போன் ரிப்பேர் கடை வைத்தேன், தொப்பை வைத்தேன். யாராவது டி.வி.யில் பந்தாட்டம் வைத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். செக்ரட்ரியைத் தெருவில் பார்த்தால் பேசுவேன், ஆனால் மனசில் ஒன்று மட்டும் அடைத்துக்கொண்டே நிற்கும். தப்பு தன்னுடையது என்று அந்த மனிதர் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாரா? சொன்னதே இல்லை. 'பாதி இருக்குதில்ல' என்பதோடு சரி.

இந்தச் சித்திரையில் ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது. பார்த்தால், எங்கள் தெற்குப் பாதி முழுக்க மல்லாட்டை காய்கிறது! காயைத் தள்ளிக்கொண்டிருந்த வல்லம் ஊர் விவசாயி ஒருவரிடம், பக்கத்தில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த களம் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். "சிமெண்டு சூட்டுல வெதக்காயி வெந்துபூடுது சார். மொளைக்க மாட்டங்குது. மண்ணுதான் நல்லது" என்றார். சரி, களத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், வேலிக் கதவைத் திறந்துபோட்டு, களத்து விளக்கு வெளிச்சத்தில் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மட்டமான தரை, குழி இல்லை, விளக்கு இருக்கிறது, வேறென்ன வேண்டும் அவர்களுக்கு. விளையாட்டு மைதானத்தில் மல்லாட்டை, மல்லாட்டைக் களத்தில் விளையாட்டு. இதற்காகவா எங்கள் லீக் போனது என்று எனக்குத் தலை கொதித்தது.

இரண்டுக்கும் நடுவே வேலியோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு செக்ரட்ரி உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார், காதும் மந்தம். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வா கேப்டன். பாத்தியா? முன்ன பாதி போச்சின்னு கத்துனியே. இப்ப ரெண்டு பாதியும் நம்முளுதுதான?" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார். இத்தனை வருஷம் அடக்கி வைத்தது எனக்குப் பீறிக்கொண்டு வந்தது. அவர் காதுக்கிட்ட குனிந்து, பையன்கள் ஆட்டத்தை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்படி, "லீக்கு? லீக்கு யாருதுங்க?" என்று கத்தினேன்.

அவர் சிரிப்பு நின்றது. காய்கிற மல்லாட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அது போச்சிப்பா. அது என்னாலதான் போச்சி" என்றார். "ஒன்னப் பாக்கறப்பல்லாம் அதான் நெனப்பு."

இதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். கேட்டால் என்னென்ன பேசவேண்டும் என்று கடையில் உட்கார்ந்து மனசுக்குள் ஒத்திகையே பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனிதர் என்னை ஒரு கோபத்தைக்கூட முழுசாக வைத்துக்கொள்ள விடவில்லை.