என் தம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டில் மகனுக்குச் சுன்னத்து வைக்கும் நாள். கத்தியோடு வந்த ஒஸ்தா மாமா வழக்கம்போல என் கணவரிடம், "ஒங்கட குடும்பத்துல காயம்பட்டா ரத்தம் நிக்காத ஆளுகள் ஈக்காங்களா?" என்று விசாரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், ஒத்தருமில்ல."

திரைக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டேன். பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் மவுத்தானவன் என் தம்பி. உம்மாவின் கூடப்பிறந்த மூத்தவரான நானாவும் அப்படித்தான் போனார். எல்லாம் நசீபு, தலைவிதி என்றே இருந்துவிட்டோம். பெண்வழியை யார்தான் கேட்கிறார்கள்? வெட்கத்தை விட்டு வெளியே ஓடி, "வேணாம், நிப்பாட்டுங்க!" என்று கத்திவிட்டேன்.

கணவரின் உம்மாவான மாமியின் ஏச்சோடு மகனைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மகனின் கையிலிருந்து ஊசியால் எடுத்த ரத்தம் கண்ணாடிக் குழாயில் நெடுநேரம் உறையாமலே இருந்தது. யாழ்ப்பாணத்தவரான அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தாயின்ர உயிரணுவுக்குள்ள இழைகள் சோடியா இருக்கும்; ரத்தம் உறைய வைக்கிற இழை ஒண்டு பழுதெண்டாலும் மற்றது அவவைக் காக்கும். அணு பிரியேக்க பிள்ளைக்கு ஒண்டுதான் போகும். பழுதான இழை இவனுக்கு வந்திட்டுது; ஆம்பிளைப் பிள்ளையளுக்கு அதுக்குச் சோடி இல்லை. இனிக் கத்தி படக்கூடாது. உங்களில பிழையில்லை, அம்மா."

மாமி அழுதபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஊரில் எந்த வீட்டில் சுன்னத்து என்றாலும், முதலில் போய்ப் பிள்ளையின் உம்மாவிடம், "ஒங்கட நானா, தம்பிமாரெல்லாம் சொகமா ஈக்காங்களா?" என்று கேட்கிறேன். பதில் வரும்வரை ஒஸ்தா மாமா கத்தியைத் தொடுவதில்லை.