இடுப்பளவுத் தண்ணீர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து வயற்காட்டிலிருந்து ஒரே ஒரு கைலியோடு தொண்டிக்கு வந்து, ஐஸ் பெட்டி சுமந்து, இன்றைக்கு நான்கு வள்ளங்களுக்குச் சொந்தக்காரன். கடற்கரையிலேயே பிறந்தவர்கள்கூடத் தொழிலுக்குப் போகும் முன் என்னிடம் காற்று எப்படி என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நானாகக் கேட்கச் சொன்னதில்லை.

இவ்வளவும் என் தங்கச்சி வாயில் வேறு மாதிரி ஆகிவிடும். வயல் வேலை பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிறவள் அவள். அவள் புருஷன் செத்த பிறகு பக்கத்திலிருந்த ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். போனது அவள் இஷ்டம். ஆனால் விடிந்தால் என் வாட்ஸ்அப்பில் அவள் குரலில் ஒரு வசனம் வந்து நிற்கும். பொங்கலுக்குக் கொடுத்தனுப்பும் முறுக்கு டப்பாவுக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கோடு. என் சர்க்கரை குறைந்தால் அது அவள் ஜெபம். கூடினால் நான் ஜெபிக்காதது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நாலாவது வள்ளம் வாங்கியபோது, சபையில் எழுந்து நின்று, என் அண்ணனுக்கு ஆண்டவர் வள்ளம் கொடுத்தார் என்று சாட்சி சொல்லியிருக்கிறாள். பாஸ்டரும் கைதட்டினாராம். தோள் காய்த்தது எனக்கு, கைதட்டல் ஆண்டவருக்கா? போனில் சத்தம் போட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. வள்ளத்தைக் கடலில் இறக்கும்போது நான் எலுமிச்சம்பழம் கட்டியதை நினைவில் வைத்திருந்தாள்.

“எலுமிச்சம்பழத்துக்குக் குடுக்குற பங்கக்கூட ஏசப்பாவுக்குக் குடுக்க மாட்டேங்கிறியேண்ணே” என்றாள்.

போனைத் துண்டித்தேன். அந்தக் கோபம் உள்ளேயே கிடந்தது.

அவளுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை. அவர்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பதில்லை. ஆளை முழுசாக முக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏதாவது தடங்கல், மூட்டு வலி, நடவு, நெஞ்சுச் சளி. வழக்கமாக ஊர்க் கண்மாயில்தான் முக்குவார்கள். இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது, கண்மாய் வெடித்துக் கிடந்தது. அதனால் தொண்டிக் கடலுக்கு வருவதாக முடிவு செய்து எனக்குப் போன் பண்ணினாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தால் சரியாக இருக்குமா என்று கேட்டாள்.

அன்றைக்குப் பத்து மணி என்றால் நீர் நன்றாக வற்றி இறங்கியிருக்கும் நேரம். எங்கள் கடல் சாதாரணமாகவே ஆழமில்லாதது. வற்றின நேரத்தில் நடந்துகொண்டே இருக்கலாம், முழங்காலுக்கு மேல் ஏறாது. கண்மாய்க்காரர்களுக்கு இது தெரியாது. படியில் இறங்கினால் தண்ணீர் இருக்கும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

“கடல் எங்கத்தா போகப்போகுது, வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு வேன் வந்து நின்றது. பாஸ்டரும், வெள்ளைச் சேலையில் என் தங்கச்சியும், அவளைப் போலவே ஞானஸ்நானம் எடுக்க இன்னும் நாலு பேரும் இறங்கினார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே கடலுக்குள் போனார்கள். போனார்கள், போனார்கள், தண்ணீர் கெண்டைக்காலைத் தாண்டவில்லை. நான் கரையில் என் வள்ளத்தில் சாய்ந்து வேடிக்கை பார்த்தேன். பாட்டு மெல்ல நின்றுபோனது. பாஸ்டர் பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு திரும்பித் திரும்பிக் கரையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பாதித் தூரத்தில் என் தங்கச்சி நின்றுவிட்டாள். சேற்றில் மூட்டு இழுத்துக்கொண்டது. பாஸ்டர் அவளிடம் ஏதோ சொல்லிக் கரையைக் காட்டினார். கண்மாய் நிறைந்ததும் பார்க்கலாம் என்று சொன்னாராம், பிறகு தெரிந்தது. அவள் திரும்பவில்லை. முன்னாலும் போகவில்லை. இதற்காகவே முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்தவள், சேலை முந்தானையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கண்மாய் எப்போது நிறையும், அதுவரை அவள் மூட்டு தாங்குமா என்று யாருக்குத் தெரியும்?

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. வள்ளத்தைத் தள்ளி, நீளக் கழியை ஊன்றிக்கொண்டு போனேன். அவளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தேன். மற்றவர்களை வள்ளத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வரச் சொன்னேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “தண்ணி இருக்காதுன்னு ஒனக்குத் தெரியுந்தானண்ணே?”

“தெரியும்.”

“பெறகு ஏன் சொல்லல?”

“கோவம். நாலாவது வள்ளத்த நாந்தான் வாங்குனேன்.”

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நீதாண்ணே வாங்குன. நான் கேட்டேன், அவரு குடுத்தாரு, நீ வாங்குன. இப்பச் சரியா?”

கழியை ஊன்றினேன்.

இடுப்பளவு வந்த இடத்தில் வள்ளத்தை நிறுத்தினேன். மற்ற நாலு பேரும் முங்கி எழுந்தார்கள். இவள் முறை வந்ததும் பயந்துவிட்டாள். கண்மாய்த் தண்ணீர் சும்மா நிற்கும், இது ஆளை அசைக்கிறது. அண்ணன் இறங்கி ஒரு பக்கம் பிடித்தால்தான் ஆயிற்று என்றாள். பாஸ்டர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கவனித்தேன்.

“பாஸ்டர், நான் எறங்குறது எந் தங்கச்சியப் பிடிக்க. எந் தலையில கைய வச்சிராதீங்க” என்றேன். அவர் நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டே சரிங்க ஐயா என்றார்.

அவர் ஒரு தோளையும் நான் ஒரு தோளையும் பிடித்தோம். அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடினாள். முக்கினோம், எடுத்தோம். மூக்கில் ஏறின உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு அவள் நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சந்தோஷம். நான்கு வள்ளம் வாங்கியபோதும் அப்படி ஒரு முகம் எனக்கு வந்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

திரும்பும்போது நீர் கொஞ்சம் ஏறியிருந்தது, எல்லாரையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டேன். பாரம் கூடித் தரை தட்டும் போலிருந்தது, எஞ்சினைப் போட முடியாது. கழிதான். கரை சேர முக்கால் மணி நேரம் ஆகும். பாஸ்டர் களைப்பில் வலைக் குவியல்மேல் சாய்ந்து தூங்கிவிட்டார். என் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, தங்கச்சி எனக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, பரலோகத்துல...” என்று ஆரம்பித்தாள்.

“சொல்லுத்தா” என்றேன்.