பன்றித் தலை யாருக்குச் சேர வேண்டியது

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பலர் எங்கள் இளவயதில் தோட்டத்தில் பங்கிட்ட ஒரு காட்டுப்பன்றியின் கறியைத் தின்றவர்கள். அவர்களிடம் ஒரு பொய்யைத் திருத்த வேண்டியிருக்கிறது. எழுத உட்கார்ந்ததும் பயமாக இருக்கிறது. பயம் எனக்குப் புதிதல்ல.

அக்கா பிறந்தது கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். எனக்கு ஒரு வயது மூத்தவர். சுதந்திரம் வந்து நாலைந்து வருடத்தில் அவருக்குக் கொழுந்துக் கூடையும் எனக்குத் தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியும் ஒரே மாதம் கிடைத்தன. கத்தி இடுப்பில் ஏறியதும் நான் ஆம்பளையாகிவிட்டேன். லயத்துக் கோழிகள்கூட எனக்கு வழிவிடுவதாக நினைப்பு. அக்காவோ அட்டைக்கும் பயம், இடிக்கும் பயம் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவ்வாத்து வெட்டிய மலையில் இருவரும் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தோம். மேலே காட்டில் பெரியப்பா ஆட்களோடு வேட்டைக்குப் போயிருந்தார். நாய்கள் குதறிய பன்றியொன்று, குடல் ஒரு பக்கம் தொங்க, நேராக எங்கள் மேல் இறங்கி வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தபோது நான் முள்முருங்கை மரத்தின் உச்சியில் இருந்தேன். கத்தி கீழே கிடந்தது. அக்காவும் கீழே கிடந்தார்.

பன்றி கோரைப்பல்லால் அவர் தொடையைக் கிழித்தது. மறுபடி பாய்ந்தபோது அக்கா கத்தியை எடுத்து அதன் கழுத்தில் இறக்கினார். அது சாகவில்லை. அவரைத் தேயிலைத் தூரோடு வைத்து நசுக்கியது. "ஐயோ அம்மா, ஐயோ அம்மா" என்று ஓலமிட்டு அழுதுகொண்டே அக்கா அதன் முகத்தில் வெட்டினார், தொண்டையில் வெட்டினார், செத்த பிறகும் வெட்டினார்.

பெரியப்பா வந்து சேர்ந்தபோது நான் இறங்கியிருந்தேன். முள் கிழித்து நெஞ்செல்லாம் இரத்தம்.

"யாரு கத்திடா இது?"

என் பல் தந்தியடித்தது. "தம்பி கத்திதாங்க பெரியப்பா. தம்பிதான் வெட்டுச்சு," என்றார் அக்கா, பாவாடையைத் தொடையோடு அழுத்திக்கொண்டு.

வெட்டியவனுக்குத் தலையும் ஒரு தொடையும் என்பது எங்கள் வேட்டை வழக்கம். என் நெஞ்சுக் கீறலைப் பார்க்க மூன்று லயத்துச் சனம் வந்தது. அக்காவின் காயம் வயசுப்பிள்ளை காட்டக்கூடாத இடத்தில் இருந்தது. அம்மா கதவைச் சாத்தி மஞ்சள் வைத்துக் கட்டினார்.

"ஏன்கா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் அழுதுகிட்டேதானடா வெட்டுனேன். நீ ஒரு சொட்டு அழுவல. நீதான்டா தைரியசாலி."

"நான் மரத்துல இருந்தேன்கா."

"இருந்தாலும் அழுவலல்ல. பேசாம தலைய வாங்கிக்க."

கேலி என்று நினைத்தேன். அவர் நம்பியே சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு பொகவந்தலாவையில் வாழ்க்கைப்பட்டு, சீக்கிரமே அத்தானை இழந்தார். தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது நிர்வாகத்தின் அடியாட்கள் லயத்துக் கதவை உடைத்தார்கள். மூன்று பிள்ளைகளையும் பின்னால் தள்ளிவிட்டு, உலக்கையால் ஒருவன் முன்கையை ஒடித்தார். கேட்டதற்கு, "பயத்துல கை தானா போயிருச்சுடா" என்றார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் அக்காவின் மூத்த மகள் தொடையில் இருந்த அந்தத் தழும்பைப் பார்த்து என்னவென்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு. புள்ளைங்க மாமாவ பெருசா நெனச்சிருக்குதுங்க," என்றார் அக்கா. சும்மா இருந்தேன். இரண்டாம் நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கொட்டும் மழையில் அக்காவை லயத்திலிருந்து பெரிய ரோட்டுவரை கம்பளியில் வைத்துச் சுமந்தவர்களுக்கும், காரியத்தன்று கேட்காமலே அரிசி மூட்டை அனுப்பிய கடைக்கார நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று சுமந்தவர்களில் முதல் ஆள் அந்த மூத்த மகள். "பயத்துல எப்படித் தூக்குனேன்னே தெரியல மாமா" என்கிறாள். இதைப் படித்த பிறகு அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். "பயத்துல" என்ற அக்காவின் அந்தச் சொல்லை மட்டும் இனி அவள் சொல்லக் கூடாது.