கட்டுக்கம்பியும் சபுரும்

பிள்ளைகளே,

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். மெதுவாகப் படியுங்கள். தட்டுகிற இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். உங்கள் அத்தா பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் வகுப்பில் சபுர் பற்றி, அதாவது பொறுமை பற்றி, ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களாம். பெரியவளே, நீ எழுதியதை உஸ்தாத் எல்லோர் முன்னாலும் வாசிக்க வைத்தாராம். மெஷினில் என் அத்தாவின் விரல் போனது, அவர் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அல்லாஹ்வின் நாட்டம் என்று வாயை மூடிக்கொண்டார், அதுதான் சபுர் என்று எழுதியிருந்தாய். உருதுவில் எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாய். நான் உன் தலையைத் தடவி, "நல்லாருக்கும்மா" என்றேன்.

நன்றாக இல்லை. நடந்தது அது இல்லை. அப்போது உனக்கு ஐந்து வயது, தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். யாரோ சொன்னதை வைத்து எழுதியிருக்கிறாய். நான் வாயை மூடிக்கொள்ளவில்லை மகளே. மூடிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அது விரல் போவதற்கு முன்னால். அதற்குப் பெயர் சபுர் இல்லை.

வலது கையில் சுட்டுவிரலில் இரண்டு கணு இல்லை, நடுவிரலில் ஒன்று இல்லை. தவழ்ந்த நாளிலிருந்து பார்ப்பதால் தம்பிக்கு அது வேடிக்கை. தொழுதுவிட்டு நான் விரல் கணுக்களில் முப்பத்திமூன்று முறை ஓதி தஸ்பீஹ் எண்ணும்போது பக்கத்தில் வந்து உட்காருவான்.

"அத்தா, உங்களுக்கு முப்பத்திமூணு வராது."

"ஏன்டா வராது?"

"கணு பத்தாதே."

"எல்லாருக்கும் ஒரு சுத்து பதினஞ்சு. எனக்குப் பன்னண்டு. ரெண்டு சுத்து இருபத்திநாலு, அப்பறம் ஒம்போது. வந்துருச்சா?"

"அப்ப உங்களுக்கு மட்டும் கணக்குப் பரீச்சை."

ஆமாம் மகனே, எனக்கு மட்டும்தான். அது எப்படி வந்தது என்று கேள்.

போசரியில் ஒரு சின்ன ஃபேக்டரியில் பிரஸ் மெஷின் ஓட்டினேன். இரும்புத் தகட்டை அச்சின்மேல் வைத்தால், மேலிருந்து ராம் என்கிற கனத்த பாகம் இறங்கி அதைத் தட்டி வடிவமாக்கும். அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன்கள், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் ராம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது. அந்த மெஷினைச் செய்தவன் அறிவாளி, நம் கையை நினைத்துப் பார்த்துச் செய்திருக்கிறான்.

ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். தகடு வை, இரண்டு கையையும் எடு, அமுக்கு, காத்திரு, பீஸை எடு. ஆர்டர் கூடியபோது சூப்பர்வைசர் வந்து, வலது பட்டனைக் கட்டுக்கம்பியால் அமுக்கிக் கட்டிவிடச் சொன்னார். அப்படிக் கட்டினால் மெஷினுக்கு அந்தக் கை எப்போதும் பட்டனிலேயே இருக்கிற மாதிரி. இடது கை பட்டனிலேயே நின்று அமுக்க, வலது கை தகடு வைக்கலாம், எடுக்கலாம். மணிக்கு எத்தனையோ பீஸ் கூட வரும்.

ஐந்து மெஷினிலும் கட்டினார்கள். என் மெஷினில் கட்டியது நான். கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியது இந்தக் கைதான்.

எட்டு மாதம் அப்படி ஓட்டினேன். தவறு என்று முதல் நாளே தெரியும். சொன்னால் வேலை போகும் என்றும் தெரியும். கட்கியில் வாடகை வீடு, கையில் குழந்தை, ஊரிலிருந்து இந்த மராத்திச் சீமைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. தினமும் மெஷின் முன்னால் நிற்கும்போது, சபுர் செய், எல்லாவற்றையும் அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். பயத்துக்குத் தொப்பி போட்டு உட்காரவைத்து சபுர் என்று கூப்பிட்டேன். அவ்வளவுதான்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தகடு கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தது. நேராக்க வலது கை உள்ளே போனது. பட்டனில் இருந்த இடது கை, பழகிய பழக்கத்தில் அமுக்கிவிட்டது. இதற்குமேல் அதை எழுத மாட்டேன்.

நான்காவது நாள் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். அவர் உத்தரப் பிரதேசத்துக்காரர், ஐவேளைத் தொழுகையாளி. ஃபேக்டரிக்குப் பக்கத்துப் பள்ளியில் வெள்ளிக்கிழமை ஒன்றாகத் தொழுவோம். பெருநாளுக்கு நம் வீட்டில் சாப்பிட்டவர். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார், கூடவே ஒரு காகிதம். அவர் இந்தியில் பேசியதை நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"சபர் கரோ, பாய். அல்லா எழுதினது நடந்துச்சு. வெரல் போச்சு, கை இருக்கு. நீ நல்ல மனுசன், பொறுமைசாலி. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

காகிதம் மராத்தியில் இருந்தது. பஸ் போர்டுகளைப் படித்துப் பழகிய மராத்தி எனக்கு. அதற்கே புரிந்துவிட்டது. வீட்டில் கதவு இடுக்கில் விரல் நசுங்கியது என்று எழுதியிருந்தது. ஃபேக்டரி இல்லை, மெஷின் இல்லை, கம்பி இல்லை.

அம்மா டீ கொண்டுவந்தாள். என் கைக்கட்டைப் பார்த்தாள், அவர் நீட்டிய பேனாவைப் பார்த்தாள். தன் அரைகுறை இந்தியில் கேட்டாள்: "கையெழுத்துப் போடுற கையைத்தான் மெஷின்ல விட்டுட்டு வந்துட்டாரே, பேனாவ யாருக்கு நீட்டுறீங்க பாய்?"

"கைநாட்டுப் போதும், பாபி. இடது கையில."

நான் சொன்னேன்: "பாய், வெரல் போனது அல்லா நாட்டம். அதுக்கு நான் சபுர் பண்ணிக்கிறேன். கம்பி கட்டுனது யாரு நாட்டம்?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "கட்டுனது உன் கைதானே?"

அது எனக்கு வலித்தது. உண்மை என்பதால் விரலைவிட அதிகமாக வலித்தது.

"ஆமா. எழுதுங்க. நான்தான் கட்டுனேன், நீங்க சொல்லிக் கட்டுனேன். ரெண்டையும் எழுதிக்கிட்டு வாங்க. கைநாட்டு என்ன, பத்து வெரலையும் வைக்கிறேன். இருக்குற வெரல் எல்லாத்தையும்."

அவர் போனதும் அம்மா மெல்லக் கேட்டாள். "என்னாங்க, போட்டுக் குடுத்துட்டு வேற வேலை பாத்துருவமா? கதவுன்னு எழுதினா என்ன, மெஷின்னு எழுதினா என்ன. வெரல் திரும்ப மொளைக்கவா போகுது?"

"எனக்கு மொளைக்காது. என் மெஷின்ல இப்ப கூட வேலை பாக்குற லாத்தூர்க்காரர் நிக்கிறாரு. வீட்டுக் கதவுல வெரல் போனா ஃபேக்டரில எதுக்குக் கம்பிய அவுக்கப் போறாங்க?"

அவள் யோசித்தாள். பிறகு ஆப்பிளை நறுக்கி, மகளே, உனக்கு ஊட்டினாள். அவள் சம்மதம் அப்படித்தான் வரும்.

கீழ் வீட்டு அண்ணனை உங்களுக்குத் தெரியும். அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கட்கியில்தான், அரசாங்க வெடிமருந்து ஃபேக்டரி வேலை. அவர்தான் விவரம் சொன்னார். "எங்க ஃபேக்டரியில நகம் பேந்தாகூட ரெஜிஸ்டர்ல ஏத்தணும்ப்பா. விபத்து ரிப்போர்ட் ஃபார்ம் ஒண்ணு இருக்கு. அத அவங்க நெரப்பி அனுப்பணும், அப்பதான் இன்ஸ்பெக்டர் வருவான். நீ சண்டை ஜக்டா எல்லாம் பண்ணாத. தினம் போ. ஃபார்ம் குடுன்னு கேளு. துரத்தினா மறுநாள் போ."

போனேன். தினமும் காலையில் கட்கியில் லோக்கல் ரயில் பிடித்து, காசர்வாடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கு ஃபேக்டரி கேட்டில் நிற்பேன். உள்ளே விட மாட்டார்கள். விபத்து ரிப்போர்ட் வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். இல்லை என்று பதில் வரும். டீ நேரம் வரை நின்றுவிட்டு வருவேன். வாட்ச்மேன் மாமா முதல் வாரம் முறைத்தார். இரண்டாம் வாரம் என்னைப் பார்த்ததும், "ஆலாஸ் கா?" என்பார். வந்துட்டியா என்று அர்த்தம். மூன்றாம் வாரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். "உள்ள வேலை பாக்குறவனுங்க எல்லாம் லேட்டு. உனக்குத்தான் அட்டெண்டன்ஸ் போடணும்" என்றார்.

தெரிந்தவர்கள், தொழுகையில் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். சபுர் செய்யுங்கள், சபுர் செய்யுங்கள். எனக்குக் கோபம் வந்தது. தினமும் வெயிலில் போய் நிற்கிறேனே, இது வேறு என்ன? பொறுமையாக இரு என்றால் வீட்டில் படுத்திரு என்றா அர்த்தம்?

அண்ணன்மார் கிணற்றில் போட்ட பிள்ளையைத் தொலைத்த நபியின் கதை உங்களுக்குத் தெரியும், வகுப்பில் சொல்லியிருப்பார்கள். பொய் இரத்தம் பூசிய சட்டையைக் கொண்டுவந்து, ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள் மற்ற மகன்கள். அவர் என்ன செய்தார்? சரி, ஓநாய்தான் என்று கைநாட்டு வைக்கவில்லை. இது நீங்கள் கட்டிய கதை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சொன்ன பிறகுதான் அழகிய பொறுமை என்றார். அப்புறம் கண் வெளுத்துப்போகும் வரை அழவும் செய்தார். பொய்யை ஒத்துக்கொள்வது சபுரில் சேராது. அழுதால் சபுர் குறைந்துவிடும் என்பதும் இல்லை. நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை, ஆனால் இதைப் புரிந்துகொள்ள ஆலிமாக வேண்டியதில்லை.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரியில் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை கேட்டிலிருந்து நேராக ஜும்ஆவுக்குப் போனேன். சூப்பர்வைசர் இரண்டாவது வரிசையில் இருந்தார். அவருக்கு இடப்பக்கம் இடம் இருந்தது. வேண்டுமென்றேதான் போய் நின்றேன். இடப்பக்கம் நின்றால் என் வலது கை அவர் பக்கம் இருக்கும். அப்படி ஒரு கணக்கோடு தொழுகையில் நின்றது சரியா என்று இதுவரை யாரிடமும் கேட்கவில்லை. அல்லாஹ்விடம் நானே பேசிக்கொள்கிறேன்.

கடைசி இருப்பில் அத்தஹிய்யாத்து ஓதிச் சாட்சி சொல்லும் இடத்தில் சுட்டுவிரலை உயர்த்த வேண்டும். எனக்கு உயர்ந்தது ஒரு துண்டு, தையல் இன்னும் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் அவர் விரலும் உயர்ந்தது. ஒரு நொடி இரண்டும் ஒரே வரிசையில் இருந்தன. இறைவன் ஒருவன் என்பதற்கு அவர் சாட்சி முழு விரல், என் சாட்சி அரை விரல்கூட இல்லை.

சலாம் கொடுத்து இடப்பக்கம் திரும்பியபோது என் முகத்தைப் பார்த்தார்.

"இது நியாயமில்ல, பாய்."

"எது?"

"பள்ளிக்குள்ள வந்து கேக்குறது."

"நான் ஒண்ணும் கேக்கலையே. அத்தஹிய்யாத்துதான் ஓதுனேன்."

அவர் எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை வாட்ச்மேன் மாமா நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்து, "உள்ள கூப்பிடறாங்க" என்றார். மேஜையில் ஃபார்ம் இருந்தது. சூப்பர்வைசர் தன் கையாலேயே நிரப்பியிருந்தார். விபத்து நடந்த இடம் பிரஸ் மெஷின். வலது பட்டன் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் என்று என்னையும், கட்டச் சொன்னவர் என்று தன்னையும் எழுதியிருந்தார். அதை எழுதியதற்கு முதலாளி சேட்டிடம் அவர் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் மூன்று பிள்ளைகள். இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபமும் உண்டு, மரியாதையும் உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கட்டும், அவசரமில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து போனார். ஐந்து கம்பியும் அவிழ்ந்தன. என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், மெஷினில் இல்லை, பீஸ்களைச் சரிபார்க்கும் மேஜையில். இதை யாரும் பெரிய வெற்றி என்று எனக்குச் சொல்ல வேண்டாம். விரல் போனது போனதுதான்.

மகளே, அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு உஸ்தாதிடம், என் அத்தா ஆறு வாரம் கேள்வி கேட்டார் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேள். முடியாது என்றால் அதற்கடுத்த ஞாயிறும் கேள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது, என் பழைய மெஷினில் கம்பி திரும்ப வந்திருப்பதைப் பார்த்தேன். புதுக் கம்பி, பளபளத்தது. யார் கட்டினார்கள் என்று கேட்கவில்லை. மறுநாள் முதல் லோக்கலில் போனேன். வாட்ச்மேன் மாமா கேட்டைத் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போனார். உள்ளே யாரும் இல்லை. மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். மேஜையில் கட்டிங் பிளேயர் இருந்தது, ஒரே வெட்டில் முடிந்திருக்கும். நான் எடுக்கவில்லை. முறுக்கிய கையாலேயே அவிழ்க்க உட்கார்ந்தேன். கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் கம்பி வழுக்கி வழுக்கிப் போனது. கட்டும்போது அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது. கம்பியைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு மெயினைப் போட்டேன். இடது பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராம் இறங்கவில்லை.